தோட்டத்துக்கு வரும் குண்டுகரிச்சான்

குண்டுகரிச்சான் கொண்டைக்குருவி அளவுள்ள பறவை. ஆணுக்குத் தலையும் முதுகும் நெஞ்சும் பளபளக்கும் கருப்பு, வயிறு வெள்ளை, சிறகில் ஒரு வெள்ளைப் பட்டை. பெண்ணுக்குக் கருப்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறம். இரண்டும் வாலைச் செங்குத்தாகத் தூக்கித் தூக்கி இறக்கும். நிழலுள்ள தோட்டம், தோப்பு, பழைய ஓட்டுவீட்டின் கொல்லை ஆகிய இடங்களில் தமிழ்நாடு முழுவதும் இதைக் காணலாம். கரிச்சான் என்றதும் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவியைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது முழுக் கருப்பு, வால் நீண்டு பிளந்திருக்கும், குடும்பமும் வேறு. பொட்டல் நிலத்தில் கற்குவியல்மேல் நின்று வாலாட்டும் கருஞ்சிட்டுதான் சாயலில் குண்டுகரிச்சானுக்கு நெருக்கம். ஆனால் கருஞ்சிட்டு சிறியது, அதன் வயிறு வெள்ளையாக இராது.

தோட்டத்தில் ஒரு காட்டுப்பறவையோடு பழக விரும்புகிறவர் இதிலிருந்து தொடங்குவது நல்லது. கிளி, மைனா, காகம் போன்றவை மனிதரை அறிந்தவைதான். ஆனால் அவை கூட்டமாக வரும், கூட்டமாகப் போகும். எந்தப் பறவை நேற்று வந்தது என்று சொல்ல முடியாது. குண்டுகரிச்சானோ தனக்கென்று ஒரு எல்லை வகுத்துக்கொண்டு அங்கேயே இருக்கும். ஒரு தோட்டத்தில் இன்று காலை கண்ட ஆண்தான் நாளைக் காலையும் வரும். பெரும்பாலும் அடுத்த மாதமும் அதுதான். அறிமுகம் ஏற்படுவதற்கு இந்த ஒன்று போதும்.

மண்வெட்டிக்குப் பின்னால்

இதன் முக்கியத் தீனி பூச்சி. வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, கரையான், எறும்பு, மண்புழு, சருகுக்கடியில் ஒளியும் புழுக்கள் எல்லாம் இதற்கு உணவு. வாய்ப்புக் கிடைத்தால் சிறு பல்லியையும் பிடிக்கும். முருங்கைப் பூவிலோ கல்யாணமுருங்கைப் பூவிலோ தேன் குடிப்பதும் உண்டு. பெரும்பாலும் தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது அசைந்தால் இறங்கும், கொத்தும், இரண்டு தத்துத் தத்தும், மீண்டும் கிளைக்கு ஏறும்.

இப்படித் தரையைப் பார்த்தே வயிறு வளர்க்கும் பறவைக்கு மண்ணைக் கிளறும் பெரிய உருவம் எதுவானாலும் உதவிதான். உழும் மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னால் உண்ணிக்கொக்குகள் நடப்பதன் காரணம் இதுவே. இங்கிலாந்தில் ராபின் என்னும் செந்நெஞ்சுக் குருவி தோட்டக்காரரின் மண்வெட்டிப் பிடியிலேயே வந்து உட்காரும் அளவுக்குப் பழகியிருக்கிறது. காட்டுப்பன்றி மண்ணைக் கிளறும்போது அதன் பின்னால் போய் இரை தேடிய பழக்கத்தை அது தோட்டத்துக்குக் கொண்டுவந்தது என்று பறவையியலாளர்கள் விளக்குகிறார்கள். அதாவது பறவையின் கணக்கில் தோட்டக்காரர் ஒரு பன்றி. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு சரியாக இருக்கும்வரை பறவை நெருங்கி வரும்.

ஆகவே பழக்கத்தின் முதல் நாள் கேமராவோடு தொடங்குவதைவிடக் களைக்கொத்தோடு தொடங்குவது மேல். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், வெயில் ஏறும் முன், வாழைக்கு அடியிலோ கறிவேப்பிலைக்கு அடியிலோ இரண்டடிச் சதுர இடத்தைக் கொத்திவிட்டு, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போய்ப் பறவைக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். அன்றே வந்தாலும் வரும், நாலைந்து நாள் கழித்தும் வரும். வந்தபின் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. எழுந்திருக்கக் கூடாது, செல்போனை எடுத்து உயர்த்தக் கூடாது, பறவையை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கவும் கூடாது. இரண்டு கண்ணும் தன்மேல் நிலைப்பது இரையாகும் விலங்குக்கு என்ன பொருள் தரும் என்பதைப் பூனையைப் பார்த்தவர் அறிவார். கண்ணைக் கொத்திய மண்ணில் வைத்துக்கொண்டே ஓரத்தால் பார்த்தால் போதும்.

ஆளைத் தெரிந்துகொள்ளும் பறவை

பறவைக்கு மனிதர் எல்லாரும் ஒன்றுதான் என்ற எண்ணம் சரியல்ல. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் மாக்கிங்பேர்ட் என்னும் பாடும் பறவையை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. ஒரே ஆள் நான்கு நாள் தொடர்ந்து கூட்டருகே சென்று கூட்டின் விளிம்பைத் தொட்டார். ஒவ்வொரு நாளும் தாய்ப்பறவை முந்தைய நாளைவிடச் சீக்கிரமாகக் கூட்டைவிட்டு எழுந்தது, முன்னைவிடக் கடுமையாகத் தாக்கியது. ஐந்தாம் நாள் வேறொருவர் போனபோது முதல் நாள் காட்டிய அளவு எதிர்ப்புதான் காட்டியது. தினமும் எத்தனையோ மாணவர்கள் கூட்டைக் கடந்துபோகும் இடத்தில், தொந்தரவு செய்த ஒருவரை மட்டும் அந்தப் பறவை பிரித்து வைத்திருந்தது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் குகைமனிதன் முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டார்கள். அந்த முகமூடி தென்பட்ட போதெல்லாம், ஆண்டுகள் கழிந்த பிறகும், காகங்கள் கூடிக் கத்தின. அன்று பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. வேறு முகமூடிக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. காகம் ஆளை மறக்காது என்று கிராமத்தில் சொல்வது வெறும் பேச்சில்லை.

இதிலிருந்து தோட்டக்காரருக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளிது. வீட்டில் ஒருவர், அதே ஒருவர், அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார வேண்டும். முதல் இரண்டு வாரம் குழந்தைகளும் விருந்தினரும் வேடிக்கை பார்க்க வருவதைத் தள்ளிப்போடலாம். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவந்து காட்டும் ஆசை இயல்பானது. பல அறிமுகங்கள் அந்த ஆசையால்தான் கெட்டுப்போகின்றன.

எவ்வளவு தூரம் போதும்

பழக்கத்தின் அளவைப் பெரும்பாலோர் தூரத்தைக் கொண்டு பார்க்கிறார்கள். பத்தடி, ஐந்தடி, கடைசியில் கை. இது தவறான அளவுகோல். ஒரு பறவை பக்கத்தில் வந்து பயந்து நிற்கலாம். தள்ளி நின்று நிம்மதியாகவும் இருக்கலாம். கவனிக்கவேண்டியது அதன் உடம்பை. இறகுகள் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, பறவை திடீரென மெலிந்ததுபோல் தோன்றினால் அது கிளம்பப் போகிறது. வாலை வேகமாக ஆட்டிக்கொண்டு ‘ஸர்ர்’ என்று கரகரத்த குரல் கொடுத்தால் அது எச்சரிக்கை. அந்த இடத்தில் இன்னொரு நொடியும் இருக்கக் கூடாது. மாறாக, இறகைச் சிலிர்த்துக் கோதுவது, வெயிலில் சிறகு விரித்துக் கிடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, அலகைக் கிளையில் இருபுறமும் துடைப்பது எல்லாம் அமைதியின் அடையாளங்கள். பத்தடியில் உட்கார்ந்து இறகு கோதும் பறவை, இரண்டடியில் கழுத்தை நீட்டி நிற்கும் பறவையைவிட நன்றாகப் பழகிய பறவை. மனிதர் இருப்பதைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்ப்பதுதான் காட்டுப்பறவை தரும் நட்பு. அதற்குமேல் அது தருவதற்கு ஒன்றுமில்லை, கேட்பதும் முறையில்லை.

கூடு இருக்கும் காலத்தில் இன்னொரு குறி உண்டு. அலகில் புழுவோடு வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் கிளை மாறி மாறி உட்கார்ந்தால், அது ஆள் விலகக் காத்திருக்கிறது என்று பொருள். கூட்டுக்குள் குஞ்சு பசியோடு இருக்கிறது. புழு அலகிலிருக்க அது நிற்கும் அழகைப் படமெடுத்துக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் செய்யத்தகாத வேலை.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் நீக்கிவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் விடியும் முன்பே தொலைக்காட்சி ஆன்டெனாவிலோ தென்னை மட்டையிலோ ஏறி ஆண் குண்டுகரிச்சான் பாடத் தொடங்கும். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் கேட்கும் இனிய பாட்டுகளில் இது ஒன்று; பிற பறவைகளின் குரலையும் நடுவே கலந்துவிடும். தினமும் ஜன்னலருகே வந்து தனக்காகப் பாடுகிறது என்று வீட்டுக்காரர் மகிழ்வதுண்டு. பாட்டு அவருக்கில்லை. அடுத்த தோட்டத்து ஆணுக்கு எல்லை அறிவிப்பு, பெண்ணுக்கு அழைப்பு. ராபின் பறவையைப் பற்றிப் பறவையியலாளர் டேவிட் லாக் 1943இல் எழுதிய நூல் இந்த உண்மையை ஐரோப்பியத் தோட்டங்களுக்கு விளக்கியது. அன்புக் குருவி என்று பெயர் பெற்ற அந்தப் பறவை தன் எல்லையில் வைத்த பஞ்சடைத்த ராபினைக்கூடத் தாக்கியதை அவர் பதிவுசெய்தார். குண்டுகரிச்சானும் அதே சினமுடையது. ஜன்னல் கண்ணாடியிலும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியிலும் தன் உருவத்தையே எதிரியென்று கொத்தும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் பறவை அதில் நாள்கணக்காக இரை தேடும் நேரத்தை இழக்கிறது. வண்டிக் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டினால் தீர்ந்தது. ஜன்னலுக்கு வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளியோ கோடோ வரைய வேண்டும். பருந்துப் படம் ஒன்றை நடுவில் ஒட்டுவதால் பயனில்லை.

பாட்டுக் காலம் முடிந்ததும் இதே பறவை வாயடைத்துப் போகும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் புதருக்குள் ஒதுங்கி, அந்திநேரத்தில் மட்டும் கரகரப்பாக ஒரு குரல் கொடுக்கும். பறவை போய்விட்டது என்று நினைத்து உட்காரும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. அது அங்கேதான் இருக்கும்.

சருகும் தண்ணீரும்

பறவையை வரவழைக்கத் தீனி வைப்பதைவிடத் தோட்டத்தைக் கொஞ்சம் அசுத்தமாக வைப்பது பயன்தரும். தினமும் பெருக்கி, சாணம் தெளித்து, சருகை அள்ளி எரிக்கும் முற்றம் கண்ணுக்கு அழகு. குண்டுகரிச்சானுக்கு அது பாலைவனம். மரத்தடியிலும் வேலியோரத்திலும் ஒரு மூன்றடி அகலப் பட்டையில் சருகை அப்படியே விட்டுவிட்டால் அதனடியில் ஈரம் தங்கும், ஈரத்தில் புழு பூச்சி பெருகும். முற்றம் வழக்கம்போல் சுத்தமாக இருக்கட்டும், ஓரம் மட்டும் பறவைக்கு. கரையான் மருந்து, பூச்சிமருந்து இரண்டும் தோட்டத்துக்கு வேண்டாம். மருந்தில் செத்த பூச்சியைத் தின்ற பறவைக்கு என்ன ஆகும் என்பது ஒருபுறம். தின்னப் பூச்சியே இல்லாத தோட்டத்துக்கு அது ஏன் வரவேண்டும்?

தண்ணீருக்கு அகன்ற மண்தட்டு நல்லது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டே போதும். ஆழம் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் வைத்தால் சிறு குருவியும் இறங்கும். வழவழப்பான எவர்சில்வர் தட்டில் கால் வழுக்கும், மே மாத வெயிலில் அதில் தண்ணீரும் கொதிக்கும். தட்டை வைக்கும் இடத்தைப் பூனையின் கண்ணால் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறடிச் சுற்றில் பதுங்கப் புதர் இருக்கக் கூடாது, தலைக்கு மேலே தப்பி ஏறக் கிளை இருக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் கொட்டி, தட்டின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து மாற்ற வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தின் ஓரத்தில் பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை போகாது.

தீனி வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத வீடுகள் இன்றும் உள்ளன; அரிசிமாக் கோலத்தை எறும்பும் குருவியும் தின்பதுண்டு. ஆனால் பூச்சி தின்னும் குண்டுகரிச்சான் சோற்றையோ கம்பையோ பொருட்படுத்தாது. சோற்றுக்கு வருவது காகம், அணில், மைனா. காகம் கூடும் இடத்தில் சிறு பறவையின் கூடு தப்பாது. எனவே சோறு வைப்பவர் அதை மொட்டைமாடியில் வைக்கலாம், தோட்டத்தில் வேண்டாம். பழத்துக்கு வரும் பறவைகளுக்குப் பப்பாளி, கொய்யா, வாழைப்பழம் வைக்கலாம். மிக்சர், முறுக்கு, உப்பிட்ட சோறு, பால் ஆகியவற்றை எந்தப் பறவைக்கும் வைக்கக் கூடாது. முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையில் தீனி பற்றிய கவலையே இல்லை. அன்று வாசல் விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் காலை புற்றுப் பக்கம் பார்த்தால் குண்டுகரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் ஒரே பந்தியில் இருக்கும்.

புழுவைக் கையில் வைத்து நீட்டினால் சில பறவைகள் நாளடைவில் வந்து எடுக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமமொன்றில் லென் ஹோவர்ட் என்னும் இசைக்கலைஞர் தம் வீட்டு ஜன்னல்களைத் திறந்தே வைத்துப் பட்டாணிக்குருவி இனத்துப் பறவைகளைக் கைக்கும் தோளுக்கும் பழக்கி, 1952இல் அதை நூலாகவும் எழுதினார். வியப்பான வாழ்க்கை, ஆனால் தமிழ்நாட்டு வீட்டுக்கு அது பொருந்தாது. இங்கே கூடத்தில் மின்விசிறி சுழல்கிறது. வீட்டுக்குள் வரப் பழகிய சிட்டுக்குருவி பல இடங்களில் விசிறியில் அடிபட்டே சாகிறது. அறைக்குள் பறவை வந்துவிட்டால் முதல் வேலை விசிறியை நிறுத்துவது. பிறகு விளக்கை அணைத்து, ஒரு ஜன்னலை மட்டும் முழுதாகத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்துத் தானே போகும். கையில் ஊட்டுவதற்கு எதிரான இன்னொரு காரணம் தெருவில் இருக்கிறது. உண்டிவில் வைத்திருக்கும் பையனும் கூண்டு வைத்திருக்கும் ஆளும் நெருங்கி வரும் பறவையைத்தான் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் 1920களில் எங்கும் காணப்பட்ட குண்டுகரிச்சான் 1970களில் அரிதாகிப் போனது. பாட்டுக்காகப் பிடித்துக் கூண்டில் அடைத்ததும் மைனாக்களின் போட்டியும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

கூடு

குண்டுகரிச்சான் பொந்தில் கூடு வைக்கும். மரப்பொந்து கிடைக்காத இடத்தில் சுவர் ஓட்டை, ஓட்டுக்கு அடிப்புறம், கைவிட்ட குழாய், பயன்படாத மீட்டர் பெட்டி எதிலும் வைக்கும். மார்ச்சிலிருந்து ஜூலை வரை முக்கியமான காலம். புல், வேர், நார், மயிர் கொண்டு மெத்தை அமைத்து மூன்று முதல் ஐந்து முட்டை இடும். முட்டை வெளிர் நீலப்பச்சை, மேலே பழுப்புப் புள்ளிகள். அடைகாப்பது பெண், ஆண் எல்லையைக் காக்கும். முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சு கூட்டைவிட்டு வெளியேற மேலும் ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சுக்கு இரை கொண்டுவருவதில் பெண்ணின் உழைப்பே அதிகம். விடியற்காலைப் பாடகருக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு சாம்பல் நிறத்துப் பறவைக்கும் சேரவேண்டும்.

புதிய வீடுகளில் ஓட்டையும் இல்லை, ஓடும் இல்லை. அங்கே பெட்டியோ கலயமோ கட்டலாம். வர்ணம் பூசாத பலகையில் 15 செ.மீ. சதுரத் தளமும் 5 செ.மீ. அகல வாயிலும் போதும். வாயில் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். தளத்தில் தண்ணீர் வடிய நாலு சிறு துளைகள் வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே, மதிய வெயில் விழாத சுவரில், வாயில் மழைச்சாரலுக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி மாட்ட வேண்டும். வாயிலுக்குக் கீழே உட்கார ஒரு குச்சி செருகும் வழக்கம் உண்டு. பறவைக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் நல்ல இருக்கை. மண்கலயத்தைப் படுக்கவைத்து வாயைப் பாதி அடைத்துக் கட்டுவதும் நடக்கிற காரியமே. ஜனவரிக்குள் மாட்டிவிட்டால் பறவை அதைப் பார்த்துப் பழக நேரமிருக்கும்.

கூடு கட்டத் தொடங்கிய பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. முட்டை எத்தனை என்ற ஆவலுக்கு விடை தெரியாமலே இருக்கட்டும். அடிக்கடி ஆள் போய்வந்தால் காகமும் வால்காக்கையும் செம்போத்தும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். பெண் கூட்டைக் கைவிடவும் கூடும். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும்.

கீழே கிடக்கும் குஞ்சு

ஏப்ரல், மே மாதங்களில் தோட்டக்காரர்களுக்கு வரும் பெரிய குழப்பம் இது. தரையில் குஞ்சு கிடக்கிறது, என்ன செய்வது? முதலில் இறகைப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு விழுந்த குஞ்சு அல்ல. கூட்டைவிட்டு வெளியேறிப் பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், ஆள் விலகினால் வந்து ஊட்டும். பூனை, நாய் நடமாட்டம் இருந்தால் மட்டும் குஞ்சை அருகிலுள்ள புதரின் கிளையில் ஏற்றிவிட்டு உள்ளே போய்விட வேண்டும்.

இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சாக இருந்தால் கூட்டைக் கண்டுபிடித்துத் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது பரவலான நம்பிக்கை, உண்மையல்ல. கூடு சிதைந்திருந்தால் ஒரு கொட்டாங்குச்சியிலோ சிறு கூடையிலோ தேங்காய் நார் பரப்பிக் கூடு இருந்த இடத்துக்கு அருகிலேயே கட்டி அதில் வைத்து, தள்ளி நின்று ஒரு மணி நேரம் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் தாய் வந்துவிடும்.

குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றுவது நல்லெண்ணத்தில் நடக்கும் கொலை. அதன் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறக்கிறது. ஊற்றிய நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அடிபட்ட பறவையானால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும். செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்திருந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு உடனே சொல்வது கடமை.

கூட வரும் மற்றவர்கள்

குண்டுகரிச்சானுக்காக ஒழுங்குசெய்த தோட்டத்துக்கு வேறு பறவைகளும் வரும். அவற்றில் தவிட்டுக்குருவிகள் முதலில் வந்துவிடும். வெளிர் கண்ணும் மஞ்சள் அலகும் கொண்ட இந்தப் பறவை உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. ஏழெட்டாகக் கூடி, ஓயாமல் கலகலத்துக்கொண்டு, ஒரு சருகு விடாமல் புரட்டிப் போடும். ஒன்று மேலே காவல் இருக்க மற்றவை மேயும். வல்லூறோ பூனையோ பாம்போ தென்பட்டால் காவற்பறவையின் குரலுக்குக் கூட்டமே கூச்சலிடும். தோட்டத்தில் பாம்பு இருப்பதை வீட்டுக்காரருக்கு முதலில் தெரிவிப்பது பல இடங்களில் இவைதான். ஒரு கூட்டுக் குஞ்சுக்கு எல்லாம் சேர்ந்து ஊட்டும். ஊட்டும் குஞ்சு சில சமயம் தங்கள் இனமாகவே இராது. அக்கா குயிலும் சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிட்டுவிடுகின்றன. தன்னைவிடப் பெரிதாக வளர்ந்த குஞ்சின் பின்னால் புழுவோடு அலையும் தவிட்டுக்குருவியைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தலையிடத் தோன்றும். தலையிட வேண்டாம்; குயிலும் காட்டுப்பறவைதான்.

தேன்சிட்டு ஆளுக்கு அஞ்சுவது குறைவு. பத்து செ.மீ.கூட இல்லாத ஊதாப்பிட்டத் தேன்சிட்டு துணிக்கொடியிலும் மின்விளக்குக் கம்பியிலும் சிலந்திநூலால் பை போலக் கூடு தொங்கவிடும். மரப்பட்டைத் துகளும் பூச்சிக்கூட்டுத் துணுக்கும் ஒட்டியிருப்பதால் அது குப்பைபோலத் தெரியும். ஒட்டடை என்று நினைத்துத் துடைப்பத்தால் தட்டிவிடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உபகாரம். இரண்டு முட்டை, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். அதுவரை துணியை வேறு கொடியில் காயப்போடலாம். வெட்சி, செம்பருத்தி, முருங்கை, வாழை ஆகியவை இருந்தால் தேன்சிட்டு தானாக வரும்.

தையல்சிட்டின் கூட்டைக் கண்டுபிடிப்பது கடினம், கெடுப்பது எளிது. அகன்ற இலையின் இரு ஓரத்தைத் துளைத்துப் பஞ்சாலும் சிலந்திநூலாலும் இழுத்துத் தைத்திருக்கும். செடியைக் கவாத்து செய்யும் முன் சுருண்ட இலைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கொண்டைக்குருவிகள் பூந்தொட்டியிலும் வேலிச்செடியிலும் இடுப்பு உயரத்தில்கூடக் கூடு வைக்கும். தொட்டியை நகர்த்தாமல், தண்ணீரைச் செடியின் அடியில் மட்டும் ஊற்றினால் சில வாரத்தில் குஞ்சு பறந்துவிடும்.

ஒரு சிறு நோட்டில் தேதியிட்டுக் குறித்து வருவது பயன்தரும். முதல் பாட்டு கேட்ட நாள், கூட்டுக்குப் புல் எடுத்த நாள், குஞ்சு வெளியே வந்த நாள் என்ற அளவு போதும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு வீட்டுத் தோட்டத்துப் பட்டியலையும் ஈபேர்ட் என்னும் இணையதளம் வழியாக அனுப்பலாம். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும்.

குஞ்சுகள் வெளியேறிய அதே பொந்தில் அந்த ஆண்டே இரண்டாவது முறை முட்டையிடவும் கூடும் என்பதால் ஜூலை முடியும்வரை பெட்டியைத் தொட வேண்டாம். ஆகஸ்டில் கழற்றி, பழைய மெத்தையை அகற்றி, மருந்து எதுவும் போடாமல் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிடலாம்.